மேசைக்கு முட்டுக் கொடுத்த வாக்கு

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்! பதினோரு ஆண்டுகள், பதினோரு கோதுமை அறுவடைகள், பதினோரு இலையுதிர்கால விருந்துகள். அத்தனையிலும் இந்த மன்றத்தின் கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, காபியைக் குடித்துக்கொண்டு, கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் இன்று எழுந்துவிட்டான். பேசப் போகிறான். பிடித்து உட்கார வைக்க நினைக்கிறவர்கள் இப்போதே முன்வரலாம்.

யாரும் வரவில்லை. நன்றி.

பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு நொடியும் கிடையாது என்று கோழி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை முறுக்கி வைத்துவிட்டு, கோழியையும் என்னையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருக்கிற ஹால்வர்சன் உழவர் மன்றத்தின் தலைவர், பெரியவர் ஆர்விட் ஓல்சன் அவர்களே! காலையிலேயே வந்து நான்கு அண்டா மிளகாய்க் குழம்பு கொதிக்க வைத்து, பட்டை மணக்கும் ரொட்டிச் சுருள்களை அடுக்கி, நான் பேசி முடிக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று அகப்பையோடு காவல் நிற்கிற தாய்மார்களே! சோள அறுவடை இயந்திரத்தை வயல் நடுவே நிறுத்திவிட்டு, தூசி படிந்த தொப்பியோடு வந்திருக்கிற உழவர் பெருமக்களே! எனக்குப் பின் எதிரணியில் பேசவிருப்பவரும், என் கோபத்துக்கு வேளை தவறாமல் தீனி போட்டு அதைக் கொழுகொழுவென்று வளர்த்தவருமான மாவட்ட ஆணையர் ரோலண்ட் புரூயிட் அவர்களே! நான் அடித்த எல்லைக் கம்பிக்குப் பதினாலு அங்குலம் அப்பால் வேலி போட்டுவிட்டு இன்றுவரை பிடுங்காத என் பக்கத்து நிலத்துக்காரர் கஸ் ஹெம்மர் அவர்களே!

கடைசியாக, கதவோரம், மாதிரி வாக்குச்சீட்டை விரித்து வைத்த மேசைக்குப் பின்னால், என்னைத் தவிர எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருக்கிற, இம்மாவட்டத்தின் தேர்தல் அலுவலர், என்னோடு பிறந்த ஒரே பிறப்பு, என் அக்கா வெல்டா டீட்ரிக் அவர்களே! உங்கள் அனைவருக்கும் நில அளவையாளன் லைல் டீட்ரிக்கின் வணக்கம்.

என் அக்கா என்னோடு பேசிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இது உங்களுக்குத் தெரியும். ஏன் பேசுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். இல்லை, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சென்ற ஆகஸ்டு மாதம் வரை! ஆகவே இன்று இரண்டு காரியங்களுக்காக மேடை ஏறியிருக்கிறேன். ஒன்று, நவம்பர்த் தேர்தலில், மாவட்டத்தின் வரிக்கும் கடனுக்கும் எல்லை போடுகிற ஒன்று-ஏ முன்மொழிவுக்கு நீங்கள் ‘ஆம்’ என்று வாக்களிக்க வேண்டும். மற்றொன்று, என் அக்கா என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேச வேண்டும். முதலாவது தோற்றால் தாங்கிக்கொள்வேன். தோற்றுத் தோற்றுப் பழகியவன் நான். இரண்டாவது தோற்றால், எனக்குப் பிறகு இந்த ஊரில் டீட்ரிக் என்ற பெயரில் இரண்டு தனித்தனிக் கல்லறைகள் நிற்கும், நடுவே ஒரு வேலியோடு.

என்ன கஸ்? “மொதல்ல வரியச் சொல்லுப்பா, குழம்பு ஆறுது” என்கிறாயா? சொல்கிறேன். குழம்பு ஆறினால் சூடாக்கலாம். வேலியைப் பதினாலு அங்குலம் நகர்த்துவதுதான் கடினம் போலிருக்கிறது.

நண்பர்களே, முப்பது ஆண்டுகளாக இந்தச் சமவெளியில் எல்லை அளப்பவன் நான். கொலராடோ என்றதும் பனிமலையை எதிர்பார்த்து வருகிற சுற்றுலாக்காரர்கள் வழிதவறி நம் ஊருக்குள் வந்து, வானத்தையும் மண்ணையும் தவிர வேறொன்றும் இல்லையே என்று விழிக்கிறார்கள் அல்லவா? அந்த வெற்றிடத்தில், எங்கே ஒருவருடையது முடிகிறது, எங்கே இன்னொருவருடையது தொடங்குகிறது என்று இரும்புக் கம்பி அடித்துச் சொல்வது என் தொழில். அந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்று உண்டு. எல்லை என்பது பகை அல்ல! எல்லை என்பது வெறுப்பு அல்ல! எல்லை தெரிந்த இரண்டு பண்ணைக்காரர்கள் ஒரே காளையை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். எல்லை தெரியாத இரண்டு பண்ணைக்காரர்கள் ஒரே வக்கீலை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள்.

பக்கத்து நிலத்துக்கு ஓர் எல்லை உண்டு. பள்ளிக்கூட மணிக்கு ஓர் எல்லை உண்டு. ஆர்விட் ஐயாவின் கோழிக்குக்கூட ஓர் எல்லை உண்டு, பத்து நிமிடம்! அப்படியானால் நம் சட்டைப் பைக்குள் நீள்கிற கைக்கு மட்டும் எல்லை வேண்டாமா? நம் பேரப்பிள்ளைகளின் பெயரில் கடன் பத்திரம் எழுதுகிற பேனாவுக்கு மட்டும் எல்லை வேண்டாமா?

ஒன்று-ஏ என்ன சொல்கிறது? விலைவாசி ஏறுகிற அளவைத் தாண்டி வரியோ கட்டணமோ ஏற்ற வேண்டுமா, எங்களைக் கேள். கடன் வாங்க வேண்டுமா, அதற்கு என்ன பெயர் சூட்டினாலும் சரி, எங்களைக் கேள். வாங்கிய கடனைப் பத்து ஆண்டுக்குள் தீர்த்துவிடு. அவ்வளவுதான்! இதைத்தான் நம் ஆணையர் “மாவட்டத்தின் கழுத்தில் மாட்டிய கயிறு” என்று செய்தித்தாளில் எழுதியிருக்கிறார். கயிறா அது? கேள்வி, ஐயா, கேள்வி! ஒரு கேள்வி கேட்பதற்கே மூச்சு முட்டுகிறது என்றால் கோளாறு கயிற்றில் இல்லை.

“மக்களைக் கேட்டுத்தான் கடன் வாங்கணும்னு மாநிலச் சட்டத்துல ஏற்கெனவே இருக்கே?” என்று முன் வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி. இருக்கிறது, தாயே. முன்வாசலில் பூட்டு இருக்கிறது. பின்வாசலைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நீதிமன்றத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழுப்ப மனையை அளந்து தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கோபம் இருந்தாலும் கூலி வாங்குகிறவன் நான், போனேன். வரைபடத்தில் உரிமையாளர் பெயர் எழுத வேண்டுமே? மாவட்டம் என்று எழுதப் போனேன். ரோலண்ட் என் கையைப் பிடித்தார்.

“மாவட்டம்னு போடாதே லைலு. ஒரு கம்பெனி பேரு இருக்கு, அதைப் போடு.”

“யாரோட கம்பெனி?”

“நம்ம ஆபீஸ்ல கோப்பு அடுக்கறாங்களே மூணு பேரு, அவங்கதான் டைரக்டருங்க.”

“அவங்க கட்டடம் கட்டறாங்களா? அவங்க கார் டயருக்கே போன வாரம் என்கிட்ட காசு கேட்டாங்களே?”

“அவங்க பேர்ல கட்டறோம்பா. நாம வாடகைக்கு இருப்போம்.”

“எத்தனை வருஷம்?”

“முப்பது.”

“முப்பது வருஷம் கழிச்சுக் கட்டடம் யாருக்கு?”

“நமக்குத்தான்!”

“அப்ப இது கடன்தானே ரோலண்ட்?”

“கடன்னா ஜனங்களைக் கேக்கணுமே. வாடகை, லைலு, வாடகை!”

நண்பர்களே, நான் இளமையில் மூன்று ஊர்களில் வாடகைக்கு இருந்திருக்கிறேன். எந்த வீட்டுக்காரரும் கடைசியில் வீட்டை எனக்கு எழுதி வைக்கவில்லை! இந்த அதிசய வீட்டுக்காரரின் விலாசம் கொடுங்கள், நாளைக்கே குடிபோகிறேன்.

இது ஒரு பின்வாசல். இன்னொன்று கட்டணம். வரி என்றால் நம்மைக் கேட்க வேண்டும். கட்டணம் என்றால் கேட்க வேண்டாம். ஆகவே நம் கூரை மேல் விழுகிற மழை வழிந்தோடுவதற்காக நமக்கு ஒரு கட்டணம் போட்டார்கள். மழைக்கு! எந்த ஊரில்? ஆண்டுக்குப் பதினாலு அங்குலம் பெய்தால் பாதிரியார் சிறப்பு நன்றி வழிபாடு நடத்துகிற ஊரில்! சென்ற ஆண்டு பெய்யவே இல்லையே, பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். “பெய்யறதுக்கான கட்டணம் இல்ல லைலு, பெஞ்சா தயாரா இருக்கறதுக்கான கட்டணம்” என்றார்கள். சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே கட்டினீர்கள். நானும் கட்டினேன், சிரிக்காமல்.

ரோலண்ட் கையைத் தூக்குகிறார். சொல்லுங்கள், உங்கள் முறை வருமுன்னே ஒரு வாக்கியம் தருகிறேன். “மணல் ஓடைப் பாலம் மே மாசம் உடைஞ்சா, பள்ளிக்கூட பஸ் நவம்பர் தேர்தல் வரைக்கும் அந்தக் கரையிலயே நிக்குமா?” என்கிறார். கைதட்டுங்கள், நல்ல கேள்வி! இவர் கேட்டதிலேயே நல்ல கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்கிறேன். ஆம், சில நேரம் தாமதமாகும். எல்லைக்கு ஒரு விலை உண்டு; கதவு வைத்த வீட்டில் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆனால் உடைந்த பாலத்தை எனக்குக் காட்டி, கணக்கைக் காட்டி, நேருக்கு நேர் கேட்டால் இந்த மாவட்டம் என்றைக்கு இல்லை என்றது? ஆம்புலன்சுக்குக் கேட்டீர்கள். ஐந்து பேரில் நான்கு பேர் ஆம் என்றோம். நானும் ஆம் என்றேன்! என் மூக்கால் அழுதுகொண்டே ஆம் என்றேன். நாங்கள் கஞ்சர்கள் அல்ல, ரோலண்ட். எங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறவர்கள், அவ்வளவுதான்.

சரி, இப்போது அந்த அரங்கக் கதைக்கு வருகிறேன். ஆஹா, நாற்காலிகள் நகர்கிற சத்தத்தைக் கேளுங்கள்! எல்லோரும் இதற்குத்தானே காத்திருந்தீர்கள்?

பதினோரு ஆண்டுகளுக்கு முன் கண்காட்சித் திடலில் உள்ளரங்கம் ஒன்று கட்டக் கடன் கேட்டார்கள். குதிரைப் பந்தயம் வரும், காளை அடக்கும் வீரர்கள் வருவார்கள், மூன்று மாநிலத்துக் கூட்டமும் நம் ஊரில் வந்து காபி குடிக்கும் என்றார்கள். மனையை அளந்தவன் நான். அது தாழ்வான மண், தண்ணீர் தேங்கும் என்று அறிக்கையில் எழுதினேன், அடிக்கோடிட்டேன், கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினேன். யார் படித்தார்கள்? திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம், யாரும் கட்டணம் போடாமலேயே, மழை பெய்தது. ரோலண்ட் வெள்ளைத் தொப்பி அணிந்து நாடாவை வெட்டினார். வாசல் திறந்தது. சீறிக்கொண்டு வர வேண்டிய காளை முழங்கால் அளவுத் தண்ணீரில் வந்து நின்றது. சுற்றிப் பார்த்தது. குனிந்து குடித்தது! அன்றிலிருந்து அந்த அரங்கத்தை முழுநேரமும் பயன்படுத்துகிறவர்கள் நானூறு புறாக்களும், வசந்த காலத்தில் ஒரு வாத்துக் குடும்பமும்தான். இன்னும் பதினாலு ஆண்டுக்கு நாம் தவணை கட்ட வேண்டும்.

அந்தக் கடன் எப்படி வென்றது? ஆம் என்றவர்கள் எண்ணூற்றுப் பன்னிரண்டு. இல்லை என்றவர்கள் எண்ணூற்றுப் பதினொன்று. ஒரே வாக்கு! இன்னும் ஓர் ‘இல்லை’ விழுந்திருந்தால் சமன். சமன் என்றால் தோல்வி. அந்த ஓர் ‘இல்லை’ யாருடையது? என்னுடையது! தபால் தேர்தல் நம் மாவட்டத்துக்குப் புதிதாக வந்த ஆண்டு அது. நான் வாக்களித்தேன், உறையில் போட்டேன், அனுப்பினேன். எண்ணி முடித்த மறுவாரம் நீதிமன்றக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள்: ‘எண்ணப்படாத உறைகள்.’ அதில் ஒரே பெயர். லைல் டீட்ரிக். உறையின் மேல் நான் போட வேண்டிய கையெழுத்து இல்லையாம்! அது இல்லாத வாக்கை எண்ண மாட்டார்களாம்!

கேளுங்கள், என்ன செய்தேன் தெரியுமா? நேரே அக்காவின் அலுவலகத்துக்குள் பாய்ந்தேன். உள்ளே பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள்.

“என் ஓட்டைத் திருடிட்டியே அக்கா!”

“கையெழுத்து இல்ல லைலு. வந்து போடுன்னு லெட்டர் அனுப்பினேன்.”

“எந்த லெட்டர்? ஒண்ணும் வரல.”

“அனுப்பினேன்டா.”

“பொய்!”

பொய் என்றேன். பத்துப் பேர் முன்னால். ஒவ்வொரு வாக்கையும் மூன்று முறை எண்ணுகிறவளை, கடையில் மீதிச் சில்லறை ஒரு காசு கூடுதலாக வந்தால் திரும்ப நடந்து போய்க் கொடுக்கிறவளை, பொய் சொல்கிறாய் என்றேன். அவள் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினாள். அன்று மூடியதுதான். அம்மாவின் இறுதிச் சடங்கில்கூட நாங்கள் உணவு மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். உருளைக்கிழங்குக் கிண்ணம் வேண்டுமா என்று அவள் பாதிரியாரிடம் கேட்டாள். போதும் என்று நான் பாதிரியாரிடம் சொன்னேன்.

இப்போது, நண்பர்களே, ஆகஸ்டு மாதம் என்ன நடந்தது என்று…

கோழி கத்திவிட்டது! கேட்டீர்களா அதன் கொக்கரிப்பை? தலைவர் எழுந்துவிட்டார். “நேரம் முடிஞ்சுது லைலு. எறங்கு” என்கிறார். ஐயா, இன்னும் ஐந்தே ஐந்து நிமிடம்? “என்னால குடுக்க முடியாது. விதி. வேணும்னா சபையைக் கேளு.”

ஆகா! ஆகாகா! பெரியவரே, உங்கள் கோழிக்கு நூறு ஆண்டு ஆயுள்! சபையோரே, பார்த்தீர்களா? எனக்கு ஓர் எல்லை போட்டிருந்தார்கள். அதைத் தாண்ட நான் ஆசைப்படுகிறேன். ‘இது பேச்சு இல்லை, இருமல்’ என்று பெயரை மாற்றி நான் தொடர்ந்து பேசலாமா? ‘நான் பேசவில்லை, என் பெயரில் மூன்று பேர் பேசுகிறார்கள்’ என்று சொல்லலாமா? முடியாது. கேட்கத்தான் வேண்டும். கேட்கிறேன். ரோலண்டின் நேரத்திலிருந்து ஐந்து நிமிடம் எனக்குக் கடனாகத் தருவீர்களா? வட்டியோடு திருப்பித் தருகிறேன். நான்கு அண்டாவையும் நானே கழுவுகிறேன்.

என்ன கஸ்? “எதுக்குன்னு சொல்லு, அப்புறம்தான் கை தூக்குவேன்” என்கிறாயா? பாருங்கள், கடன் கொடுக்கிறவன் இப்படித்தான் கேட்க வேண்டும்! சொல்கிறேன். எதற்கு என்றால்… என் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க.

கைகள் எழும்புகின்றனவே!

ஒன்று, இரண்டு, ஏழு, அந்தப் பக்கம் முழுவதும். தாய்மார்கள் அகப்பையையே தூக்கிவிட்டார்கள். கஸ்ஸும் தூக்கிவிட்டான்! ரோலண்ட், நீங்களுமா? உங்கள் நேரத்தைத்தானே எடுக்கிறேன்? நன்றி. மனதார நன்றி. இதுதான் ஒன்று-ஏ, நண்பர்களே. இதற்கு மேல் இதை எனக்கு விளக்கத் தெரியாது.

ஆகஸ்டில் என் பணியறைத் தரையை மாற்ற ஆள் வந்தது. படம் வரைகிற பெரிய மேசையை நகர்த்தினோம். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அளவையாளன் மேசை ஆடக்கூடாது அல்லவா? ஆகவே அந்தக் காலுக்கடியில் எதையோ மடித்து முட்டுக் கொடுத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால், கடிதக் கட்டு. பதினோரு ஆண்டுக்கு முந்தையது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தவை. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை நான்! அரங்கச் சண்டை நடந்த அந்த இலையுதிர்காலத்தில், மாவட்டம் அனுப்புகிற எதுவும் வரி கேட்டுத்தான் வரும் என்று, பிரிக்காமலேயே மடித்துச் செருகிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டின் நடுவில் இளஞ்சிவப்பு உறை ஒன்று. திறந்தேன். அச்சடித்த படிவம். அதன் ஓரத்தில் என் அக்காவின் கையெழுத்தில் இரண்டு வரி:

“லைலு, மேல கையெழுத்துப் போட மறந்துட்ட. புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள வா. காபி வச்சிருக்கேன்.”

நண்பர்களே, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு சிரித்தேன்! தரை மாற்ற வந்தவர் பயந்து வாசல்பக்கம் போய்விட்டார். முப்பது ஆண்டுகளாக, ஒவ்வொரு வரைபடத்தின் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துகிறவன் நான். கையெழுத்தில்லாத வரைபடம் வெறும் கிறுக்கல் என்று ஊரெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். அந்த ‘இல்லை’யைப் பேனா முனை உடையும்படி அழுத்திக் குறித்தேனே தவிர, உறை மேல் என் பெயரை எழுத மறந்துவிட்டேன். அப்புறம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த வாரம் அவள் தொலைபேசியிலும் அழைத்தாள். “லைலு, உன் உறைல…” என்று தொடங்கினாள். “எண்ணி முடிச்சப்புறம் பேசு அக்கா” என்று வைத்துவிட்டேன்.

புரிகிறதா? அந்த அரங்கத்தைக் கட்டியது ரோலண்ட் அல்ல. ஆணையர்கள் அல்ல. எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரும் அல்ல. நான்! நானூறு புறாக்களுக்கும் வீடு கட்டிக் கொடுத்த வள்ளல் நான்! வாத்துகளின் புரவலன் நான்! பதினோரு ஆண்டுகளாக என் மேசை அசையாமல், ஆடாமல், மட்டமாக நின்றதே, எதன் மேல் நின்றது? என் அக்கா எனக்கு வைத்த காபியின் மேல் நின்றது.

“அப்ப ஜனங்களைக் கேட்டும்தானே அந்த அரங்கம் வந்துச்சு? ஒன்று-ஏ எதுக்கு?” என்று ரோலண்ட் கேட்கப் போகிறார். கேட்கட்டும். ஆம், மக்களைக் கேட்டும் தவறு நடக்கும். என்னைப் போன்ற முட்டாள்கள் மக்களில் உண்டு. ஆனால் அந்தத் தவறு என்னுடையது, ரோலண்ட்! நான் செய்தேன், நான் தவணை கட்டுகிறேன், நான் சிரிக்கிறேன். நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த வாடகைக் கட்டடம் யாருடைய தவறு? யாரைப் பார்த்துச் சிரிப்பது? எங்கள் தவறுகளைக்கூட நாங்களே செய்ய விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கேட்பது உங்கள் கடமை. கையெழுத்துப் போடுவது எங்கள் கடமை. ஒரு பக்கம் தவறினால் வாடகை வீடு. மறுபக்கம் தவறினால் வாத்துக் குளம்.

அக்கா. வெல்டா அக்கா. அன்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். இன்று இருநூறு பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ அனுப்பினாய். எனக்கு வந்தது. பொய் சொன்னவன் நான். என்னை மன்னித்துவிடு. ஒரு வார்த்தை சொல், அது வசவாக இருந்தாலும் சரி.

எழுந்துவிட்டாள்! கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையாம், நானே சொல்கிறேன். “ஆர்விட் அண்ணே, அவன்கிட்ட சொல்லுங்க. முன்மொழிவைப் பத்திப் பேசற கூட்டத்துல தேர்தல் அலுவலர் வாயத் தெறக்கக்கூடாது. சட்டம். தேர்தல் முடியற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல” என்கிறாள். உட்கார்ந்துவிட்டாள்.

சிரியுங்கள், சிரியுங்கள். பாதிரியாரிடமிருந்து தலைவருக்கு மாறியிருக்கிறோம், முன்னேற்றம்தான்! ஆனால் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதை நான் பார்த்தேன். எனக்கு அளவெடுக்கிற கண்.

சட்டமா? சரி, சட்டத்துக்கே வருவோம். நானும் படித்தவன்தான். இதோ, என் வாக்குச்சீட்டு. எப்படிக் குறித்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மடித்துவிட்டேன், உறையில் இட்டுவிட்டேன், ஒட்டிவிட்டேன். இதோ என் பேனா. கையெழுத்துப் போட வேண்டிய இடம் இதோ, உறையின் மேல், ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒன்றும் இல்லை என்றால் தேர்தல் அலுவலர் என்ன செய்ய வேண்டும்? பேச விருப்பமா இல்லையா என்று சட்டம் அவரைக் கேட்காது. மூன்று நாளுக்குள் அந்த வாக்காளருக்குக் கடிதம் எழுதியே ஆக வேண்டும்! அவன் வந்து கையெழுத்திடத் தேர்தல் முடிந்தும் எட்டு நாள் காத்திருந்தே ஆக வேண்டும்! அந்த அலுவலகத்தில் இருப்பதோ என் அக்காவும் ஓர் அச்சுப்பொறியும்தான்.

“கையெழுத்துப் போடுய்யா, பைத்தியமா உனக்கு? மறுபடியும் ஒரு ஓட்டுல தோத்துட்டா?” என்று கத்துவது யார், கஸ்ஸா? “போடாதே லைலு, எனக்கு ஒரு ஓட்டு மிச்சம்!” என்பது ரோலண்டேதான். ஆம், நண்பர்களே, ஒரு வாக்கில் தோற்கலாம். அந்தக் கடிதம் வராமல் போனால் தோற்கலாம். வரும். அவள் அனுப்புவாள். அன்றும் அனுப்பினாள். நான்தான் திறக்கவில்லை. இந்த முறை என் மேசைக்கு ஒரு மரக்கட்டை வாங்கி வைத்துவிட்டேன்.

நேரம் கடன் கொடுத்த சபைக்கு நன்றி. அதைப் பறிகொடுத்தும் கைதூக்கிய ரோலண்டுக்கு நன்றி. உங்கள் மேல் இன்னும் ஏழு கோபங்கள் மிச்சம் இருக்கின்றன, தேர்தலுக்குப் பின் வரிசையாகப் பேசுவோம். கோழிக்கும் அதன் தலைவருக்கும் நன்றி. தாய்மார்களே, அண்டாக்களை எனக்கு விட்டு வையுங்கள். ஒன்று-ஏ முன்மொழிவுக்கு ஆம் என்று குறியுங்கள், உறை மேல் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள், மாவட்டத்திலிருந்து வருகிற கடிதங்களைத் திறந்து பாருங்கள். எல்லோருக்கும் என் வணக்கம்; அக்காவுக்கு மட்டும் இன்னொரு வணக்கம் சேர்த்து.

பேனா என் சட்டைப் பைக்குள் போய்விட்டது, பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் நீலத் தபால் பெட்டி நிற்கிறது. இறங்கி, நேரே நடந்து, இந்த உறையைக் கையெழுத்தில்லாமலே அதில் போடப் போகிறேன்.